மை நுனியில் நிற்கட்டும்: வாழ்த்து அட்டைக்கான புள்ளித்தூரிகையும் அதைக் கழுவும் முறையும்

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, அதன் வெட்டுமுகத்தை வண்ணத்தில் தொட்டு, தாளில் பூப்பூவாக அச்சுக் குத்திய அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்குப் பள்ளி நாட்களில் வாய்த்திருக்கும். வண்ணத்தில் நன்றாக முக்கி எடுத்துக் குத்தினால் பூ விழாது. இதழ்களுக்கு நடுவே உள்ள குழிகளில் வண்ணம் அடைத்துக்கொண்டு, தாளில் வெறும் வட்டத் திட்டுதான் விழும். மறுபடி வண்ணத்தைத் தொடாமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் குத்தும்போதுதான் இதழ்கள் தனித்தனியாகத் தெரியும்.

கையால் வாழ்த்து அட்டை செய்பவர்கள் ஸ்டிப்பிள் பிரஷ் என்று அழைக்கும் கருவியைப் புரிந்துகொள்ள அந்த வெண்டைக்காயைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதைப் பிரஷ் என்று அழைப்பதாலேயே, சுவருக்கு வண்ணம் பூசும் பிரஷ்ஷைப்போலவோ நீர்வண்ண ஓவியரின் தூரிகையைப்போலவோ அதையும் மையில் தோய்த்து இழுக்க வேண்டும் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். பிறகு இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள்: நிறம் திட்டுத் திட்டாக விழுகிறது, எத்தனை முறை கழுவினாலும் தூரிகையின் கறை போகவில்லை. இவை வேறு வேறு சிக்கல்கள்போலத் தோன்றினாலும், மை நுனியில் நிற்காமல் தூரிகைக்குள் ஏறிவிடுகிறது என்ற ஒரே காரணத்தை அறிந்துவிட்டால் முதலாவது பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது, அதற்குக் கவலைப்படவே தேவையில்லை என்று விளங்கிவிடும்.

இக்கட்டுரையில் அதைப் புள்ளித்தூரிகை என்றே குறிப்பிடுகிறேன். ஸ்டிப்பிள் என்ற சொல்லுக்கு மூலமான டச்சுச் சொல்லும் புள்ளியிடுதலைத்தான் குறிக்கிறது.

கருவியின் உடல்

புள்ளித்தூரிகைக்கு மூன்று உறுப்புகள் உண்டு. கைப்பிடி பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதன் மறுமுனையில் இழைக்கற்றை இருக்கிறது. இது பன்றியின் முரட்டு முடியாகவோ நைலான் போன்ற செயற்கை இழையாகவோ இருக்கும். இரண்டையும் இணைத்துப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்கு ஃபெரூல் என்று பெயர். இழைகளின் அடிப்பகுதி இந்த வளையத்துக்குள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் இடத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

நீர்வண்ணத் தூரிகை நடுவில் பருத்து நுனியில் கூராகும். அந்தப் பருத்த வயிறு ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி. அதில் தேங்கும் வண்ணம் நுனி வழியாகச் சிறிது சிறிதாக இறங்கும். புள்ளித்தூரிகையின் அமைப்பே வேறு. அதன் இழைகள் குட்டையாக, விறைப்பாக, நெருக்கமாக நிற்கும். முகப்பு அரிவாளால் சீவியதுபோல் தட்டையாகவோ சற்றே குவிந்தோ இருக்கும். இதில் தொட்டி கிடையாது. நூற்றுக்கணக்கான இழைநுனிகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அந்த ஒவ்வொரு நுனியும் தனித்தனி வெண்டைக்காய் அச்சு. இதைப் பூசும் கருவி என்று எண்ணாமல் குத்தும் கருவி என்று எண்ணிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கால் அங்குல விட்டத்திலிருந்து ஓர் அங்குலம் வரையிலான அளவுகள் அட்டை வேலைக்குப் போதும். சிறியது எழுத்துகளுக்கும் மூலைகளுக்கும் உதவும். பெரியது வானம் போன்ற பின்னணிகளுக்கு ஏற்றது. தனியாக வாங்க இயலாதவர்கள் முகச்சவரம் செய்யும் புதிய பிரஷ்ஷைக் கொண்டு பழகலாம். அதன் முடி நீளமாகவும் மென்மையாகவும் இருப்பதால் புள்ளிகள் மங்கலாகவே விழும். ஆனாலும் மெல்லிய பின்னணிக்கு அதுவே போதுமானது.

புள்ளி எப்போது நிறமாகிறது

காய்ந்த சிமெண்டுத் தரையில் தூறல் தொடங்குவதைப் பாருங்கள். முதல் துளிகள் தனித்தனி வட்டங்களாகத் தெரியும். சிறிது நேரத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று தொடும். பிறகு காய்ந்த இடங்கள் சிறு தீவுகளாகச் சுருங்கி, கடைசியில் தரை முழுவதும் ஒரே நிறமாகும். புள்ளித்தூரிகை தாளில் செய்வதும் இதுதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தட்டில், தூரிகையின் முகப்புக்குக் கீழே உள்ள தாளில் 30 விழுக்காட்டில் மட்டும் மை படுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது தட்டின் புள்ளிகள் வெற்றிடங்களைத் தேடிப் போய் விழுவதில்லை. சில பழைய புள்ளிகளின் மேலேயே விழும், சில வெள்ளையில் விழும். எனவே எஞ்சியிருந்த 70 விழுக்காட்டில் பத்துக்கு மூன்று பங்கு, அதாவது 21, புதிதாக நிரம்பி மொத்தம் 51 ஆகும். மூன்றாம் தட்டில் ஏறத்தாழ 66, நான்காவதில் 76, பத்தாவதில் 97. முதல் மூன்று தட்டுகளே மூன்றில் இரண்டு பங்கு இடத்தை நிரப்பிவிடுகின்றன. அதற்குப் பின் வரும் ஏழு தட்டுகளும் சேர்ந்து மீதியைத்தான் நிரப்புகின்றன. தொடக்கத் தட்டுகள் மிக மென்மையாக இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் காரணம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. அடர்வு கூடுவது தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் நடப்பதால், முதல் தட்டில் செய்த பிழையைப் பின்னால் வரும் தட்டுகள் எளிதில் மறைப்பதில்லை.

புள்ளிகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தும் நம் கண்ணுக்கு இளநிறமாகத் தோன்றுவது ஏன்? கண்ணின் பிரித்தறியும் திறனுக்கு எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ளவரால் 30 செ.மீ. தொலைவில் ஏறத்தாழ 0.1 மி.மீ. அளவு வரைதான் இரு புள்ளிகளைப் பிரித்துக் காண முடியும். அதைவிட நெருங்கினால் புள்ளியும் வெள்ளையும் கலந்து ஒரே இளநிறமாகிவிடும். நாளிதழில் அச்சான படத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால் சாம்பல் நிறம் என்று நினைத்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகப் பிரிவது இதனால்தான். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை உழைத்து, செய்ன் ஆற்றின் ஒரு தீவில் மக்கள் ஓய்வெடுக்கும் காட்சியைப் பெரிய திரைச்சீலையில் புள்ளிகளாலேயே வரைந்ததும் கண்ணின் இந்த இயல்பை நம்பித்தான். தூரிகையின் புள்ளிகள் அச்சுப் புள்ளிகளைவிடப் பெரியவை. ஆகவே முழுதாகக் கலக்காமல், மணல் தூவியதுபோன்ற ஒரு சொரசொரப்பு எஞ்சும். அந்தச் சொரசொரப்புதான் இம்முறையின் அழகு என்பது என் உறுதியான கருத்து. அது வேண்டாதவர்கள் பஞ்சு பயன்படுத்தலாம்.

ஓர் ஓரத்தில் பத்துத் தட்டு, அதற்கு அடுத்து ஐந்து, பிறகு இரண்டு, பிறகு ஒன்றுமில்லை என்று தட்டிக்கொண்டே போனால் நிறம் படிப்படியாகத் தேய்ந்து தாளின் வெண்மையில் கரையும். இப்படித் தேய்வதை நிறச்சரிவு என்போம்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: புள்ளித்தூரிகை பூசுவதில்லை, குத்துகிறது; நிறத்தின் அடர்வை முடிவு செய்வது மையின் அளவு அன்று, தட்டுகளின் எண்ணிக்கை.

மை ஏன் மேலே ஏறுகிறது

அகல்விளக்கின் திரியில் எண்ணெயை யாரும் மேலே தள்ளிவிடுவதில்லை. நூலிழைகளுக்கு இடையே உள்ள குறுகிய இடைவெளிகள் வழியே அது தானாகவே ஏறுகிறது. பாடநூல்கள் இதை நுண்புழை ஏற்றம் என்கின்றன. நெருக்கமாக நிற்கும் தூரிகை இழைகளும் ஒரு திரிதான். நுனியில் மை மெல்லிய பூச்சாக மட்டும் இருந்தால் ஏறுவதற்கு எதுவும் இராது. இரண்டு இழைகளுக்கு நடுவே துளியாகத் தேங்கும் அளவுக்கு மை எடுத்துவிட்டால், அந்தத் துளி இழைகளைப் பற்றிக்கொண்டு வளையத்தை நோக்கி ஏறத் தொடங்கும்.

ஏறிய மை இரண்டு கேடுகளைச் செய்யும். அடுத்தடுத்த தட்டுகளில் இழைகள் வளையும்போது அது எதிர்பாராத இடத்தில் இறங்கித் திட்டாக விழும். இறங்காமல் எஞ்சியது வளையத்தின் ஓரத்தில் தங்கிக் காய்ந்துவிடும். அங்கே காய்ந்த மையைக் கழுவி எடுப்பது மிகக் கடினம். ஈரத் தூரிகையைக் கொண்டு வேலை தொடங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். இழைகளுக்கு இடையே ஏற்கெனவே நீர் இருந்தால் மை அதில் கலந்து நீர்த்துப் போகும். மேலே செல்லவும் வழி கிடைக்கும். அத்துடன் பன்றி முடி நீரை உறிஞ்சி விறைப்பை இழந்துவிடுவதால் புள்ளியும் கூர்மையாக விழாது.

இரண்டு வகை மை

ஸ்டாம்ப் பேடுகளில் கிடைக்கும் மைகள் பலவாக இருந்தாலும், தொடங்குபவர் இரண்டு வகைகளைப் பிரித்தறிந்தால் போதும். டிக்காஷனைப் பாருங்கள்: எவ்வளவு நேரம் வைத்தாலும் அதன் நிறம் அடியில் தெளிந்து தனியே பிரிவதில்லை. சாய மை அப்படிப்பட்டது; நிறம் நீரில் கரைந்தே இருக்கும், தாளின் நார்களுக்குள் ஊறி விரைவாகக் காயும். சுண்ணாம்பு கலந்த நீரோ சிறிது நேரத்தில் தெளிந்து, சுண்ணாம்பு அடியில் படியும். நிறமி மை இந்த வகை. கரையாத நுண்துகள்கள் நீர்மத்தில் மிதக்கும், தாளின் மேற்பரப்பிலேயே தங்கும், மெதுவாகக் காயும்.

பொதுவாகச் சொன்னால், சாய மையின் நிறம் துலக்கமாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருக்கும்; ஆனால் வெயில் பட்டால் வெளிறும். நிறமி மை ஒளியை நன்கு தாங்கும்; ஆனால் காயும்வரை விரல் பட்டால் இழுபடும், வழவழப்பான பூச்சுத் தாளில் வெகுநேரம் பிசுபிசுக்கும். முதல் தூரிகையையும் முதல் பேடையும் வாங்குபவருக்கு நான் சாய மையையே பரிந்துரைப்பேன். கழுவுவதும் அதில்தான் எளிது.

தாளும் கவனிக்க வேண்டியதே. கஞ்சி போட்ட வேட்டியில் தண்ணீர் சற்று நேரம் நின்று பின்னர் ஊறும். கஞ்சி போடாததில் உடனே பரவும். ஆலையில் தாளுக்கும் மாவுப்பசை போன்றவற்றைச் சேர்த்து உறிஞ்சுதலைக் கட்டுப்படுத்துகிறார்கள். அது குறைவான தாளில் சாயப் புள்ளி பரவி மங்கும். 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரை எடையுள்ள, மேற்பரப்பு சமமான அட்டை இவ்வேலைக்கு ஏற்றது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்லும் அளவு. புதுச்சேரியில் செய்யப்படும் பருத்திக் கைக்காகிதம் போன்ற மேடுபள்ளமான தாளில் மேடுகளில் மட்டுமே மை படும். பழகிய பிறகு அந்த முரட்டுத்தன்மையையே வேண்டி அதை வாங்கலாம்.

கையாளும் முறை

பேடின் மேல் தூரிகையை உலக்கைபோல் நேர்செங்குத்தாக இறக்கி மெல்லத் தட்டுங்கள். அழுத்த வேண்டாம், கையின் எடையே போதும். அழுத்தினால் இழைகள் வளைந்து, அவற்றின் பக்கவாட்டிலும் மை ஒட்டும். நாலைந்து தட்டுகளுக்குப் பின் அட்டைக்குப் போகாமல், அருகில் வைத்துள்ள பயனற்ற தாளில் சில முறை தட்டுங்கள். வெண்டைக்காயின் முதல் குத்து எப்படி வீணோ, அப்படியே தூரிகையின் முதல் தட்டும். அந்தத் தாளில் திட்டு நின்று புள்ளிகள் பிரிந்து தெரிந்த பிறகே அட்டையைத் தொட வேண்டும்.

இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான அட்டைகள் கெடுகின்றன. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரே மாலையில் ஆறு அட்டைகளை இப்படி இழந்தேன். ஒவ்வொன்றிலும் முதல் தட்டு விழுந்த இடத்தில் ஒரு கருந்திட்டு நின்றது. மை போதவில்லையோ என்று எண்ணி மேலும் மேலும் மை எடுத்தேன். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது என்று விளங்க எனக்குப் பல நாட்கள் ஆயின.

தட்டத் தொடங்கும் இடம் அட்டைக்கு வெளியே இருக்கட்டும். அட்டையின் கீழே பெரிய தாள் ஒன்றை விரித்து, அந்தத் தாளிலிருந்து தட்டிக்கொண்டே அட்டையின் ஓரத்துக்குள் நுழைந்தால், மை அதிகமாக உள்ள தட்டுகள் வெளியிலேயே விழுந்துவிடும்; உள்ளே போகப் போக மை குறைந்து நிறச்சரிவு தானாகவே அமையும். ஒவ்வொரு தட்டுக்கும் தூரிகையைச் சற்றே திருப்பினால் ஒரே புள்ளி அமைப்பு மீண்டும் மீண்டும் விழாது. சாய மையில் ஒரே இடத்தில் நெடுநேரம் தட்டினால் தாள் நனைந்து நார் எழும். அத்தகைய இடத்தை ஆறவிட்டு மறுபடி வருவதே நல்லது.

ஸ்டென்சில் என்பது வடிவம் வெட்டப்பட்ட தகடு. அதில் தூரிகையைப் பக்கவாட்டில் இழுத்தால் இழைகள் தகட்டின் விளிம்புக்கு அடியில் நுழைந்துவிடும். மை அதிகமாக இருந்தால் தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அதே நுண்புழை ஏற்றம் வேலை செய்து கசிவை உண்டாக்கும். எனவே இங்கும் நேராக இறக்கி நேராகவே எடுக்க வேண்டும். பள்ளியில் இலையைத் தாளில் வைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் வண்ணம் தெளித்து, இலையை எடுத்தபின் வெள்ளை நிழல் கிடைத்ததே, அந்த உத்தியும் இங்கே உண்டு. நிறம் படக் கூடாத இடத்தை மூடும் பொருளுக்கு மறைப்பு என்று பெயர்.

சுருங்கச் சொன்னால், குறைவாக எடுத்து, வேறு தாளில் தட்டி, வெளியிலிருந்து உள்ளே நேராக இறக்க வேண்டும்.

ஒரு பொங்கல் அட்டை

ஏ4 அளவு அட்டையைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 14.8 செ.மீ. உயரமும் 10.5 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு வாழ்த்து அட்டைகள் கிடைக்கும். பத்து ரூபாய் நாணயத்தைத் தாளில் வைத்து வரைந்து வெட்டினால் 27 மி.மீ. வட்டம் கிடைக்கும். எளிதில் எடுக்கக்கூடிய, பசை குறைந்த குறிப்புத்தாளில் அதை வெட்டி, சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள். அதுவே மறைப்பு.

முதலில் மஞ்சள். மறைப்பின் மேலிருந்தே தட்டத் தொடங்கி, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே வாருங்கள். அடுத்து வேறொரு தூரிகையில் ஆரஞ்சு நிறம். இதை அட்டையின் நான்கு ஓரங்களிலிருந்து உள்நோக்கித் தட்டி, மஞ்சளின் தேய்ந்த ஓரத்தோடு சற்றே கலக்கவிடுங்கள். கடைசியாக, ஓரங்களில் மட்டும் சிவப்பு. இளநிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போகும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆரஞ்சுத் தூரிகை மஞ்சளைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. மஞ்சள் தூரிகை சிவப்பைத் தொட்டால் தூரிகையின் நுனியோடு மஞ்சள் பேடும் கெடும். மறைப்பை எடுத்ததும் வெள்ளை வட்டம் தெரியும். தூரிகையில் எஞ்சியுள்ள மஞ்சளைக் கொண்டே அதில் ஓரிரு முறை தட்டினால் சூரியன் உயிர்பெறும். மை நன்றாகக் காய்ந்த பிறகு பானையையும் கரும்பையும் கறுப்பு மையில் அச்சுக் குத்தலாம்.

கறையும் அழுக்கும் ஒன்றல்ல

மருதாணி இட்ட கையை எத்தனை முறை கழுவினாலும் சிவப்பு போகாது. அதற்காக அந்தக் கையை அழுக்கு என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கையால் வெள்ளைத் துணியைத் தொட்டால் துணி சிவப்பதும் இல்லை. பன்றி முடியும் நம் நகத்தையும் தலைமுடியையும்போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. சாய மை அதில் ஓரளவு ஊறித் தங்கிவிடும். அது கறை. இழையின் மேல் தங்கி, அடுத்த மையோடு கலந்து, தாளுக்கு இறங்கக்கூடியது மட்டுமே அழுக்கு.

இரண்டையும் பிரித்தறிய, தூரிகையின் நுனியை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தட்டுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் கழுவ வேண்டும். ஒட்டாவிட்டால், இழை எவ்வளவு சிவப்பாகத் தெரிந்தாலும் தூரிகை தூய்மையானதுதான். இதை அறியாமல் வெண்மை திரும்பும்வரை தேய்த்துத் தேய்த்துத் தூரிகையை அழித்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

உண்மையில், அடிக்கடி கழுவுவதைவிடக் கழுவத் தேவையில்லாதபடி வைத்துக்கொள்வதே சிறந்த வழி. மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக் குடும்பத்துக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, கறுப்பு பழுப்புக்கு ஒன்று என்று ஐந்து தூரிகைகளை ஒதுக்கி, கைப்பிடியில் அந்தந்த நிறத்தால் குறியிட்டுவிட்டால், சாய மை வேலைக்குப் பின் காய்ந்த துணியில் நிறம் வருவது நிற்கும்வரை தட்டித் துடைப்பதே பெரும்பாலும் போதும். எஞ்சும் சிறிதளவு அடுத்த முறையும் அதே நிறத்தோடுதான் சேரப் போகிறது. நிறமி மைக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் துகள்களைத் தாளோடு பிணைக்கச் சேர்க்கப்படும் பிசின், துகள்களை இழையோடும் பிணைத்துவிடும் என்பதால் அன்றன்றே கழுவிவிட வேண்டும்.

கழுவும் முறை

பட்டுப்புடவையைக் காரமான சலவைத்தூளில் ஊறவைக்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பட்டும் புரதம், பன்றி முடியும் புரதம். காரம் இரண்டையும் அரிக்கும். குழந்தைகளுக்கான ஷாம்புவோ மென்மையான சோப்போ எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கை இழை காரத்தை ஓரளவு தாங்கும் என்றாலும் அதற்கும் இதுவே போதும்.

முதலில் காய்ந்த துணியில் தட்டி, வரக்கூடிய மையை எல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு நுனியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, தூரிகையை அதில் மெதுவாக வட்டமாகச் சுழற்றுங்கள். நுரை நிறமாக வரும். தூரிகையைக் கீழ்நோக்கிப் பிடித்தபடியே குழாயடியில் அலசி, மறுபடி ஷாம்பு விட்டுச் சுழற்றுங்கள். நுரை வெள்ளையாக வந்தால் போதும். இழை வெள்ளையாக வேண்டியதில்லை. ஷாம்பு எஞ்சினால் அடுத்த முறை மை தாளில் பரவும் என்பதால் வழவழப்பு முற்றிலும் போகும்வரை அலசுங்கள்.

தூரிகை எப்போதும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அந்த உலோக வளையம். மேல்நோக்கிப் பிடித்தால் தண்ணீர் இழைகளின் வழியே வளையத்துக்குள் இறங்கித் தங்கும். அங்கே பசை இளகும், மரம் ஊதும். காயும்போது மரம் சுருங்க, வளையம் ஆடத் தொடங்கும். வெந்நீர் இதை இன்னும் விரைவுபடுத்தும். ஒருமுறை நிறமி மை படிந்த தூரிகையை வெந்நீர்க் குவளையில் இரவு முழுவதும் நிறுத்திவைத்தேன். காலையில் எடுத்தபோது இழைகள் கொத்தாகக் கழன்று குவளையிலேயே நின்றன. கையில் வந்தது கைப்பிடி மட்டும். அன்று முதல் எந்தத் தூரிகையையும் நான் ஊறவைப்பதில்லை.

அலசியபின் துணியால் பொதிந்து ஈரத்தைப் பிழிந்தெடுங்கள், முறுக்க வேண்டாம். முகப்பை விரலால் தட்டிச் சமன் செய்து, நுனி கீழே தொங்கும்படி கயிற்றில் கட்டுங்கள். அல்லது மேசை ஓரத்தில் இழைப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவையுங்கள். குவளையில் நுனி மேலே இருக்கும்படி நிறுத்துவது காய்ந்த தூரிகைக்கு மட்டுமே பொருந்தும். நேரடி வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம்.

கடினப்பட்ட தூரிகைகள்

அக்ரிலிக் வண்ணத்தை இதே தூரிகையால் தட்டுபவர்களும் உண்டு. அக்ரிலிக்கில் உள்ள நெகிழித் துகள்கள், நீர் ஆவியாகும்போது ஒன்றோடொன்று உருகியதுபோல் இணைந்து, விரலில் காய்ந்த ஃபெவிகாலைப்போல ஒரு தோலாகிவிடும். பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. ஆகவே அக்ரிலிக்குக்குத் தனித் தூரிகை ஒதுக்கி, வேலை முடிந்த அந்த நிமிடமே கழுவ வேண்டும். கண்ணாடி, உலோகம், நெகிழி ஆகியவற்றில் ஒட்டும் ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மைகளைப் புள்ளித்தூரிகையில் எடுக்கவே வேண்டாம் என்பது என் அறிவுரை. அவை தண்ணீருக்கு அசையா. அவற்றுக்கென விற்கப்படும் தனித் திரவத்தைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தியே எடுக்க வேண்டும்.

காய்ந்து விறைத்துப்போன பழைய தூரிகை கிடைத்தால், நுனியில் சோப்பைக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் படுக்கவைத்து, பின் நுண்ணிய பல்லுள்ள சீப்பால் வளையத்திலிருந்து நுனியை நோக்கி வாருங்கள். சில தூரிகைகள் மீளும். மீளாதவற்றை எறிய வேண்டாம்; சிதறி நிற்கும் இழைகள் புல், மரப்பட்டை போன்ற முரட்டுப் பரப்புகளுக்கு மிகப் பொருத்தமான புள்ளிகளைத் தரும்.

காய்ந்த தூரிகைகளை மூடிய பெட்டியில் வையுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சிகள் விலங்கு முடியையும் அரிக்கும். ஆனால் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், வெளியே காய்ந்ததுபோல் தோன்றும் தூரிகை உள்ளே ஈரமாகவே இருக்கும். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கும் முன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுபோல, தூரிகையின் அடிப்பகுதியை வளையத்தை ஒட்டிக் கன்னத்தில் அழுத்திப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; இன்னொரு நாள் தொங்கட்டும்.